அம்மாவைச் சொன்னால் சும்மா இருப்பாயா?

2015 ஜனவரி 15. கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் போப் பிரான்சிஸ் செய்தியாளர்களிடம் பேசினார். முந்தின நாள்தான் மடு மாதா கோயிலில், போரில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் நடுவே செபித்துவிட்டு வந்திருந்தார். பாரிசில் சார்லி ஹெப்டோ வார இதழைத் தாக்கி 12 பேரைச் சுட்டுக் கொன்று எட்டு நாள் ஆகியிருந்தது. அதையொட்டி எழுந்த கேள்விக்கு, பக்கத்தில் நின்ற தன் பயண ஏற்பாட்டாளரைக் காட்டி, இவர் என் நல்ல நண்பர், ஆனாலும் என் தாயைப் பழித்துப் பேசினால் இவருக்கு ஒரு குத்து விழும், அது இயல்பு என்ற பொருளில் சொன்னார். குத்துவதுபோல் கையையும் வீசிக் காட்டினார்.

நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கடவுளின் பெயரால் கொல்வது பிறழ்வு என்றும், பேச்சுரிமை அடிப்படை உரிமை என்றும் அதே பேச்சில் அவர் சொன்னார். ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது அந்தக் குத்தைத்தான். எல்லா ஊர்த் தெருமுனையிலும் ஏற்கெனவே இருந்த வாதம் அது. நம் ஊரில் அதற்கு இன்னும் சுருக்கமான வடிவம் உண்டு: “உன் அம்மாவைச் சொன்னால் சும்மா இருப்பாயா?” எதிரே நிற்பவன் வாயடைத்துப் போவான். தாயைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திய பிறகு எதிர்ப்பேச்சு ஏது?

பத்தாண்டுக்கு மேலாக இந்த ஒற்றை உவமைதான் பல வேடங்களில் உலா வருகிறது. படித்தவர் வாயில் அது “எதற்கும் ஓர் எல்லை வேண்டாமா” என்று வரும். முற்போக்காளர் வாயில் “ஒடுக்கப்பட்டவர்களின் நம்பிக்கையைச் சீண்டலாமா” என்று வரும். தொலைக்காட்சி விவாதத்தில் “இரண்டு பக்கமும் தவறு” என்று வரும். யாரும் கொலையை ஆதரிப்பதில்லை. முதல் வாக்கியத்தில் கண்டனம் முடிந்துவிடும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து செத்தவர்கள்மீது விசாரணை தொடங்கும். இந்த உவமையை ஒருமுறையாவது பிரித்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஆத்திரத்தில் விழும் குத்து, தாய்க்காகக் கை ஓங்கும் மகன், அவளைப் பழித்த திட்டு, திட்டியவன் வாயை மூடினால் வந்துவிடும் என்று நம்பப்படும் அமைதி என்று நான்கு உறுப்புகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் குத்து. தாயைப் பழித்த கணத்தில் விழும் அடிக்கு ஊர் மன்னிப்பு உண்டு. அது யோசித்து விழுந்த அடி அல்ல என்பதே காரணம். சட்டமும்கூடத் திடீர் ஆத்திரத்துக்குக் கொஞ்சம் இரங்கும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். திட்டுக்கும் குத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

டென்மார்க்கின் யூலண்ட்ஸ் போஸ்டன் நாளிதழ் நபிகளைப் பற்றி 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது 2005 செப்டம்பர் 30-இல். அடுத்த மாதமே, ரமலான் நோன்புக் காலத்தில், கெய்ரோவின் அல் ஃபஜ்ர் பத்திரிகை அவற்றில் சிலவற்றைத் தானும் அச்சிட்டது. கலவரம் எதுவும் வரவில்லை. டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் டென்மார்க்கின் தூதரக அலுவலகங்கள் எரிந்தது 2006 பிப்ரவரியில். நடுவில் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த சில இமாம்கள் ஒரு கோப்பைத் தயாரித்து எகிப்துக்கும் லெபனானுக்கும் எடுத்துப் போனார்கள். அந்த நாளிதழ் வெளியிடாத மூன்று படங்களும் அந்தக் கோப்பில் இருந்தன. அதில் ஒன்று, பிரான்சில் பன்றிபோல் கத்தும் போட்டியொன்றில் பன்றி மூக்கை மாட்டிக்கொண்டு நின்ற ஒரு போட்டியாளரின் புகைப்படம். நபிகளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்த 12 படங்களைச் சார்லி ஹெப்டோ மறுபதிப்பு செய்தது 2006 பிப்ரவரியில். பாரிஸ் பெரிய பள்ளிவாசலும் வேறு அமைப்புகளும் வழக்குப் போட்டன. புண்பட்டவர்கள் எடுக்க வேண்டிய வழி அதுதான், எடுத்தார்கள். 2007 மார்ச்சில் நீதிமன்றம் பத்திரிகையை விடுவித்தது. 2011 நவம்பரில் யாரோ அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். 2013-இல் அல் கொய்தாவின் ஆங்கில இதழ் வெளியிட்ட கொலைப் பட்டியலில் ஆசிரியர் ஷார்ப்பின் பெயர் இருந்தது. துப்பாக்கி உள்ளே வந்தது 2015 ஜனவரி 7-இல். ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. சல்மான் ருஷ்டியின் நாவல் வெளிவந்தது 1988-இல். அவர் மேடையில் கத்திக்குத்துப் பட்டது 2022 ஆகஸ்டில். குத்தியவனுக்கு அப்போது வயது 24. நாவல் வந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை. இரண்டு பக்கம் போலத்தான் படித்திருந்ததாகச் சிறையிலிருந்து ஒரு பத்திரிகையிடம் சொன்னான்.

இடைவெளி குறைவாக இருந்த இடத்தையும் பார்த்துவிடுவோம். பாரிஸ் புறநகர்ப் பள்ளி ஆசிரியர் சாமுவேல் பத்தி, பேச்சுரிமை பற்றிய வகுப்பில் சார்லி ஹெப்டோ படங்களைக் காட்டினார். பத்து நாள் கழித்து, 2020 அக்டோபர் 16-இல், அவர் தலை வெட்டப்பட்டது. வகுப்பில் நடந்ததாக ஒரு மாணவி வீட்டில் சொன்ன கதையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அந்த மாணவி அன்று வகுப்பிலேயே இல்லை. அவள் சொன்ன பொய்யைத் தகப்பன் காணொளியாக்கினார். வேறு ஊரில் இருந்த, அந்த ஆசிரியரை முன்பின் பார்த்திராத ஒரு 18 வயதுப் பையன் கத்தியோடு வந்தான்.

எல்லா இடத்திலும் படத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு சுமைகாரர் நிற்கிறார். பொட்டலம் கட்டி, போதாததற்குக் கொஞ்சம் சேர்த்து, பார்க்காதவர்களின் வாசலுக்குச் சுமந்துபோய்ப் போடுகிறார். தானாகப் புண்பட்ட மனம் அன்றைக்கே புண்பட்டிருக்கும். ஆண்டுக் கணக்கில் ஆறப்போட்டு, ஆள் தேடி, ஆயுதம் வாங்கி, முகவரி விசாரித்து வந்து சுடுவதை ஆத்திரம் என்று சொல்லலாமா? திட்டுக்கு விழுந்த குத்து இல்லை அது. திட்டம்.

நமக்கு இது தெரியாத கதையும் இல்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வந்தது 2010-இல். நான்கு ஆண்டு எந்த மனமும் புண்படாமல் அது கடைகளில் விற்றது. 2014 டிசம்பரில் சில பக்கங்கள் நகலெடுத்து ஊரில் விநியோகிக்கப்பட்ட பிறகுதான் திருச்செங்கோடே புண்பட்டது. கொலைகளைக் கண்டித்துப் பாரிசில் பதினைந்து லட்சம் பேர் ஊர்வலம் போனது 2015 ஜனவரி 11-இல். மறுநாள் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. அதிலிருந்து வெளியே வந்த பெருமாள்முருகன், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். ஒரே வாரம். அங்கே வேறு மதம், இங்கே வேறு மதம். அங்கே துப்பாக்கி, இங்கே தேநீர் கொடுத்து உட்காரவைத்த மேசை. சுமைகாரர் மட்டும் இரண்டு இடத்திலும் ஒருவரே.

அடுத்து, மகன். தாய்க்காகக் கை ஓங்குபவன் அவள் பெற்ற பிள்ளையாக இருந்தால்தானே அந்த உவமை நிற்கும்? சார்லி ஹெப்டோவுக்குள் புகுந்து சுட்ட குவாஷி சகோதரர்கள் இருவரையும் உலக முஸ்லிம்களின் சார்பாகப் பேசும் பிள்ளைகளாக நியமித்தது யார்? அவர்களே நியமித்துக்கொண்டார்கள். “முஸ்லிம்களின் மனம் புண்பட்டதால் நேர்ந்த விபரீதம்” என்று நாம் தலையங்கம் எழுதியபோது அந்த நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

அன்றைய சாவுப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். முஸ்தஃபா ஊராத் அல்ஜீரியாவில் பிறந்தவர்; சார்லி ஹெப்டோவின் மெய்ப்புத் திருத்துநர். அஹ்மத் மெராபெத் காவலர், முஸ்லிம். ரிஷார் லெனுவார் சாலையின் நடைபாதையில் காயம்பட்டுக் கிடந்தவரை நெருங்கி வந்து சுட்டார்கள். சில நாளில் அவருடைய சகோதரர் செய்தியாளர்கள் முன் நின்று, தீவிரவாதிகளையும் முஸ்லிம்களையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று வேண்டினார். அந்தக் குழப்பத்தை வெறுப்பால் செய்கிறவர்களை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். கரிசனத்தால் செய்கிறவர்களைக் கண்டுகொள்வதில்லை. முஸ்லிம் என்றால் படம் பார்த்துக் கொதித்துக் கொல்லக்கூடியவர்தான், ஆகவே சீண்டாதே என்று சொல்லும் அன்பைவிடப் பெரிய அவமதிப்பை எந்தக் கார்ட்டூனிஸ்டும் வரைந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 9, வெள்ளிக்கிழமை. பாரிசின் கிழக்கு ஓரத்தில் யூதர்களுக்கான ஒரு கோஷர் அங்காடியில், ஓய்வுநாளுக்கு முன் சாமான் வாங்க வந்தவர்களை குவாஷி சகோதரர்களின் கூட்டாளி பிடித்துவைத்தான். நால்வரைக் கொன்றான். அதே கடையில் வேலை பார்த்த லசானா பத்திலி, மாலியிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர், வாடிக்கையாளர்கள் சிலரைக் கீழ்த்தளத்துக் குளிர்பதன அறையில் ஒளித்துக் காப்பாற்றினார். குத்து உவமையை நம்புகிறவர்கள் இந்தக் கடையைப் பற்றிப் பேசுவதேயில்லை. பேசினால் உவமை உடைந்துவிடும். செத்த நால்வரும் யார் தாயை என்ன சொன்னார்கள்? அன்று அந்தக் கடையில் இருந்ததைத் தவிர அவர்கள் செய்தது என்ன? 2012 மார்ச்சில் துலூஸ் நகரில் யூதப் பள்ளி வாசலில் சுடப்பட்ட குழந்தைகள் எந்தப் பத்திரிகை நடத்தினார்கள்? 2015 நவம்பர் 13 இரவு பாரிசில் பாட்டுக் கேட்கவும் காப்பி குடிக்கவும் வந்து செத்த 130 பேர்? கார்ட்டூன் இல்லாத இடத்திலும் துப்பாக்கி வந்திருக்கிறது. கார்ட்டூன்தான் காரணம் என்று கொலைகாரன் சொன்னதை நாம் ஏன் வாக்குமூலமாக ஏற்க வேண்டும்?

மூன்றாவது, திட்டு. எதிர்த்தரப்பின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. மழுப்பிக் கடக்க மாட்டேன். அவர்கள் சொல்வது இது: பிரான்ஸ் 1962 வரை அல்ஜீரியாவை அடிமையாக வைத்திருந்த நாடு. அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நகர ஓரத்து அடுக்குமாடிகளில் வேலையில்லாமல் கிடக்கிறார்கள். 2004-இல் அரசுப் பள்ளிகளில் முக்காட்டுக்கும் தடை வந்தது. எல்லாவற்றையும் இழந்தவரிடம் மிச்சமிருக்கும் ஒரே கௌரவம் மதம். அதையும் கேலி செய்வது விழுந்தவனை மிதிப்பது. 2015 மே மாதம் அமெரிக்க பென் எழுத்தாளர் அமைப்பு சார்லி ஹெப்டோவுக்குத் துணிவு விருது கொடுத்தபோது ஆறு எழுத்தாளர்கள் அந்த விருந்திலிருந்து விலகினார்கள். கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி அவர்களில் ஒருவர். பிறகு இருநூறுக்கு மேற்பட்டோர் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். இவர்கள் யாரும் கொலைக்கு வக்காலத்து வாங்கியவர்கள் அல்லர். பிரான்சின் பாகுபாட்டைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவு தவறு. முதலில், பத்திரிகையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டாமா? 2005 முதல் 2015 வரையிலான 523 அட்டைப்படங்களை இரண்டு சமூகவியலாளர்கள் எண்ணிப் பார்த்து ல மோந்த் நாளிதழில் எழுதினார்கள். பெரும்பாலானவை அரசியல்வாதிகளைப் பற்றியவை. மதத்தைப் பற்றியவை 38. அவற்றில் 21 கிறித்தவம்; இஸ்லாம் மட்டும் 7. எந்தப் பத்திரிகைக்கு இஸ்லாமே பைத்தியம் என்று உலகம் நம்பியதோ, அந்தப் பத்திரிகையின் கணக்கு இது. அதன் பரம்பரையும் அப்படித்தான். மத ஊர்வலம் கடந்தபோது தொப்பியைக் கழற்றவில்லை என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக லா பார் என்ற இளைஞனின் தலையை 1766-இல் வெட்டிய தேசம் அது. தன் வீட்டுப் பூசாரியோடு இரண்டு நூற்றாண்டு சண்டை போட்டு வாங்கிய வாய் அது. வந்தேறிகளைத் திட்டுவதற்காகத் திறந்த வாய் அல்ல.

2006-ஆம் ஆண்டு அட்டையில் கார்ட்டூனிஸ்ட் காபு வரைந்ததைப் பாருங்கள். நபிகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, மூடர்களின் அன்புக்கு ஆளாகிவிட்டோமே என்று நொந்துகொள்கிறார். தீவிரவாதிகளால் திணறிப்போன நபி என்று மேலே தலைப்பு. அந்தப் படத்தின் இலக்கு யார் என்பதில் குழப்பத்துக்கு இடமேயில்லை. நீதிமன்றமும் அப்படித்தான் கண்டது. நீதி அமைச்சராக இருந்த கறுப்பினப் பெண் கிறிஸ்தியான் தோபிராவைக் குரங்காக வரைந்த படம் ஒன்று உலகமெல்லாம் சுற்றியது. இனவெறிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றார்கள். அவரை அப்படி இழிவுபடுத்தியது தீவிர வலதுசாரிகள். அவர்களுடைய கட்சிச் சின்னத்தைப் பக்கத்திலேயே போட்டு ஷார்ப் வரைந்தது அவர்களைத் தோலுரிக்கத்தான். சுற்றுக்கு விட்டவர்கள் படத்தை மட்டும் காட்டினார்கள், பிரெஞ்சு அரசியலைக் காட்டவில்லை. கொல்லப்பட்ட கார்ட்டூனிஸ்ட் தினூவின் இறுதிச் சடங்கில் நின்று அஞ்சலி உரை ஆற்றியவர் அதே தோபிரா. அவருக்குப் புரிந்த பகடி பென் விருதை எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களுக்குப் புரியவில்லை.

எல்லாப் படத்துக்கும் நான் வழக்கறிஞன் இல்லை. கடலில் மூழ்கிச் செத்த சிரியக் குழந்தை அய்லான் வளர்ந்திருந்தால் பெண்களைத் துரத்தியிருப்பான் என்பதுபோல் 2016 ஜனவரியில் வந்த படம் எனக்கு அருவருப்பாக இருந்தது. அது அகதிகளை வெறுப்பவர்களைக் கேலி செய்ய வரைந்தது என்ற விளக்கத்தைப் படித்த பிறகும் அருவருப்பு போகவில்லை. 2008-இல் யூத வெறுப்பு என்று குற்றம்சாட்டி மூத்த கார்ட்டூனிஸ்ட் சினேயை வெளியேற்றிய இதழ், தன் வீட்டுக்குள் அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிப் பிடித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதையெல்லாம் எழுதலாம், திட்டலாம், இதழை வாங்காமல் இருக்கலாம். வாங்காமல் இருந்தவர்களே அதிகம். தாக்குதலுக்கு முன் அது அச்சானது ஏறத்தாழ அறுபதாயிரம் பிரதிகள்தான்.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. விழுந்தவர் யார் என்று தீர்மானிக்கும்போது அந்தச் சமூகத்துக்குள்ளேயே விழுந்து கிடப்பவரை இவர்கள் எண்ணுவதில்லை. பாரிஸ் கொலைகள் நடந்து ஏழு வாரத்தில், 2015 பிப்ரவரி 26-இல், டாக்கா புத்தகக் காட்சியிலிருந்து வெளியே வந்த எழுத்தாளர் அவிஜித் ராயை வெட்டிக் கொன்றார்கள். மார்ச்சில் வாஷிகுர் ரஹ்மான். மே மாதம் சில்ஹட்டில் அனந்த விஜய் தாஸ். ஆகஸ்டில் நிலய் நீல். அக்டோபரில் பதிப்பாளர் ஃபைசல் ஆரெஃபின் தீபன். காலனியாதிக்கத் திமிரோடு சிறுபான்மையை மிதித்த வெள்ளைக்காரர்களா இவர்கள்? வங்காள மொழியில் தம் சொந்த மக்களோடு பேசியவர்கள். 2017 மார்ச்சில் கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் ஃபாரூக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் இல்லை என்று எழுதியதே அவர் செய்த குற்றம். 1953-இல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்ததைப் பெருமையோடு நினைவுகூரும் மேடைகள் ஃபாரூக்கின் சாவை எத்தனை தடவை நினைவுகூர்ந்தன? பெரியார் தன் வீட்டைத்தான் உடைத்தார் என்பார்கள். ஃபாரூக்கும் தன் வீட்டைப் பற்றித்தான் பேசினார். ஒடுக்கப்பட்டவர்களின் மதத்தைத் தொடாதே என்ற விதி முதலில் வாய்ப்பூட்டு போடுவது அந்த மதத்துக்குள் பிறந்து கேள்வி கேட்கிறவருக்குத்தான். பாரிஸ் கார்ட்டூனிஸ்டுக்குக் காவலர் கிடைப்பார். டாக்காவிலும் கோவையிலும் யார் வருவார்கள்?

நான்காவது, அமைதி. எல்லை வகுத்துச் சட்டம் போட்டுவிட்டால் கத்திக்கு வேலை இருக்காது என்பது நல்லெண்ணக்காரர்களின் கடைசிக் கோட்டை. இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு நூறாண்டு அனுபவம் இருக்கிறது. நபிகளைப் பற்றி 1924-இல் லாகூரில் வெளிவந்த ஒரு கேவலமான துண்டு நூலின் பதிப்பாளர் ராஜ்பால். அவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. கொந்தளிப்பை அடக்க 1927-இல் ஆங்கிலேய அரசு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவைச் சேர்த்தது. மத உணர்வைப் புண்படுத்தினால் சிறை. கேட்டது கிடைத்தது. கொந்தளிப்பு அடங்கியதா? 1929 ஏப்ரலில் ராஜ்பாலை அவர் கடையிலேயே குத்திக் கொன்றார்கள். புண்பட்ட மனத்துக்குச் சட்டம் மருந்தாகவில்லை. உன் புண்ணை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்ற சான்றிதழாகத்தான் ஆனது.

அதே சட்டத்தை எடுத்துப் போன பாகிஸ்தான் அதை மேலும் மேலும் கூராக்கியது. 1986-இல் நபி நிந்தனைக்கு மரண தண்டனை வரை கொண்டுபோனது. எல்லை என்றால் அதைவிட உயரமான மதில் உலகத்தில் அதிகம் இல்லை. அந்தச் சட்டத்தில் சிக்கிய ஓர் ஏழைக் கிறித்தவப் பெண்ணுக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4-இல் அவருடைய மெய்க்காவலனே சுட்டுக் கொன்றான். நீதிமன்றத்துக்கு வந்த கொலையாளிமீது வழக்கறிஞர்கள் ரோஜா இதழ் தூவினார்கள். 2021 டிசம்பரில் சியால்கோட் நகர ஆலையொன்றில் மேலாளராக இருந்த ஓர் இலங்கையரைத் தொழிலாளர் கும்பல் அடித்துக் கொன்று எரித்தது. மதச் சொற்கள் அச்சிட்ட ஒரு சுவரொட்டியை அகற்றினார் என்பது புகார். அவர் கார்ட்டூன் வரையவில்லை, நாவல் எழுதவில்லை, யாரையும் கேலி செய்யவுமில்லை. பேசுகிறவர்களின் வாயை அடைத்து முடித்த ஊரில் புண்படுவதற்குக் காரணம் தீர்ந்துபோவதில்லை. சுவரொட்டி வரைக்கும் இறங்கி வருகிறது.

இவ்வளவு சொன்னதும் ஒரு குரல் கேட்கும்: “அப்படியானால் பாரிஸ் ஊர்வலத்தின் முன்வரிசையில் கைகோத்து நடந்த தலைவர்களோடு நீயும் சேர்ந்துகொள்.” இல்லை. அந்த வரிசையைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. சவூதி அரேபியாவின் பிரதிநிதி பாரிசில் நின்றார்; இரண்டு நாள் முன்புதான், ஜனவரி 9-இல், ஜித்தாவில் வலைப்பதிவர் ரைஃப் பதாவிக்குப் பொது இடத்தில் 50 கசையடி கொடுத்திருந்தார்கள். மொத்தத் தண்டனை ஆயிரம் அடி, பத்தாண்டு சிறை. எகிப்தின் வெளியுறவு அமைச்சரும் வந்தார். அல் ஜசீரா செய்தியாளர்கள் அவருடைய நாட்டுச் சிறையில் இருந்தார்கள். பிரான்ஸ் மட்டும் யோக்கியமா? அடுத்த சில நாளில், பயங்கரவாதத்தைப் போற்றிப் பேசினார்கள் என்று ஆட்களை அள்ளிப் போட்டது. நகைச்சுவை நடிகர் தியுதொன்னே முகநூலில் எழுதிய ஒரு வரிக்காகக் கைதானார். நீஸ் நகரில் எட்டு வயதுப் பையனைக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். “நான் சார்லி” என்ற அனுதாப முழக்கத்தைச் சொல்லச் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளை மிரட்டும் அரசு, சார்லி ஹெப்டோவையும் புரிந்துகொள்ளவில்லை, பேச்சுரிமையையும் புரிந்துகொள்ளவில்லை. “நான் சார்லி இல்லை” என்று சொல்லும் உரிமைக்கும் சேர்த்துத்தானே அந்தப் பன்னிரண்டு பேருக்கு அழுதோம்?

பார்த்தாயா, அவர்களே இரட்டை வேடக்காரர்கள், ஆகவே பேச்சுரிமையே ஏமாற்று என்று எதிர்த்தரப்பு இதிலிருந்து முடிவு கட்டுகிறது. பந்தியில் ஒருவனுக்கு மட்டும் சோறு போட்டால், எனக்கும் போடு என்று கேட்பது நியாயம். அவன் இலையையும் எடுத்துவிடு என்று கேட்பது என்ன நியாயம்? தியுதொன்னேயையும் பதாவியையும் விடு என்று அன்று கேட்டவனோடு நான் கையெழுத்திட்டிருப்பேன். தியுதொன்னேயைப் பிடித்தாயே, அதனால் கார்ட்டூனையும் தடை செய் என்பவனோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

செத்தவர்களுக்குத் துணை நிற்பது என்றால் என்ன என்பதை நாம் பிரெஞ்சுக்காரரிடமோ பென் விருந்திலோ கற்க வேண்டியதில்லை. நம்மிடம் துக்கம் கேட்கப் போகும் வழக்கம் இருக்கிறது. இறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருப்போம். வரப்புத் தகராறு இருந்திருக்கும். அவர் வாய்க்கு அஞ்சித் தெருவை மாற்றி நடந்திருப்போம். ஆனாலும் போகிறோம். போய் வாசலில் நின்று, “அந்த வாய் சும்மா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா” என்று பேசுகிறவனை ஊர் மதிக்காது. அவர் சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொண்டாய் என்று அதற்குப் பொருளும் இல்லை. காரியம் முடிந்தபின் வரப்புத் தகராறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தொடரவும் செய்வோம். சார்லி ஹெப்டோவின் படங்களைத் தொடர்ந்து திட்ட விரும்புகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: சாவு வீட்டு வாசலைத் தாண்டி வந்து திட்டுங்கள். கொன்றவனின் நியாயத்தைக் கடன் வாங்காமல் திட்டுங்கள்.

கடைசியாக, அந்தத் தாய். போப் சொன்ன உவமையிலும் நம் தெருமுனை உவமையிலும் தாய் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் பெயரால் மகன் அடிக்கிறான். அடிக்கச் சொன்னாளா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையான ஒரு தாயைச் சொல்கிறேன். லத்திஃபா இப்ன் சியாத்தன், மொரோக்கோவில் பிறந்த முஸ்லிம், தலையில் துணி கட்டுபவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அவருடைய மகன் இமாதை 2012 மார்ச்சில் துலூஸில் முகமது மெரா சுட்டுக் கொன்றான். யூதப் பள்ளிக் குழந்தைகளைக் கொன்றவனும் அவனே. மகனைப் புதைத்த பிறகு அந்தத் தாய், கொலையாளி வளர்ந்த குடியிருப்பைத் தேடிப் போனார். அங்கே நின்ற இளைஞர்களிடம் மெராவின் வீடு எது என்று கேட்டார். அவன் ஒரு வீரன் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அவன் கொன்றது என் மகனை என்று அவர் சொன்னார்.

குத்துவதற்கு உலகத்தில் எவருக்காவது காரணம் இருந்தது என்றால் அந்தக் கணத்தில் அவருக்கு இருந்தது. மகன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, பள்ளிகளிலும் சிறைகளிலும் அதே மாதிரியான பிள்ளைகளிடம் பேசப் போனார். 2015 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றக் கட்டடத்தில் மதச்சார்பின்மை பற்றிய ஒரு கூட்டத்தில் அவரைப் பேச அழைத்தார்கள். தலைத்துணியைப் பார்த்து அங்கேயும் சிலர் கூச்சல் போட்டார்கள். ஒரு பக்கம் மகனைக் கொன்றவர்கள், மறுபக்கம் துணியை ஏசுகிறவர்கள். இரண்டு பக்கத்தாருக்கும் அந்தத் தாயிடமிருந்து கிடைத்தது பேச்சு மட்டுந்தான். அம்மாவைச் சொன்னால் சும்மா இருப்பாயா என்று இனி யாராவது கேட்டால், எந்த அம்மா என்று திருப்பிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.